புலி பக்கம் உட்கார்ந்தவன்தான் ஜெயிப்பானா?

ஆடுபுலி ஆட்டத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதே பெரியவர்கள் பலர் முடிவையும் சொல்லிவிடுகிறார்கள்: “புலி வச்சவன் ஜெயிப்பான், ஆடு வச்சவன் தோப்பான்.” திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்து மந்தைகளிலும் சாவடிகளிலும் கரிக்கட்டையால் கோடு கிழித்து ஆடி வளர்ந்தவர்களே இப்படிச் சொல்வது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. நகரங்களில் பொம்மைப் படைகளை மேசைமேல் நிறுத்திக் கற்பனைப் போர் ஆடும் இளைஞர்களிடமும் இதே குறை வேறு உருவில் கேட்கிறது. ஒரே பெட்டியில் வரும் இரண்டு தொடக்கப் படைகளில் ஒன்று வலுத்தது, மற்றது இளைத்தது, இரண்டையும் சமமாக்காமல் ஆடுவது அநியாயம் என்கிறார்கள். இந்த வாதம் தொடக்கத்திலிருந்தே தவறு.

புலிக்கே வெற்றி என்ற பேச்சை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆட்டக் கட்டத்தில் உச்சியிலிருந்து நான்கு கோடுகள் இறங்குகின்றன. அவற்றை மூன்று படுக்கைக் கோடுகள் வெட்டி இருபுறமும் வெளியே நீள்கின்றன. அடியில் ஒரு கோடு. எண்ணினால் 23 புள்ளிகள். புலி மூன்று, ஆடு பதினைந்து. புலி ஆட்டைத் தாண்டி வெட்டும், ஆட்டால் வெட்ட முடியாது, புலியை நகரவிடாமல் அடைக்கத்தான் முடியும். எல்லா ஆடும் இறங்கும்வரை ஆடு நகரவும் கூடாது. இதை மட்டும் பார்த்தால் ஆடு பாவம் என்றுதான் தோன்றும். ஆனால் புலி தாண்டுவதற்கு ஆட்டுக்கு நேர் அப்பால் அதே கோட்டில் ஒரு காலிப் புள்ளி வேண்டும். கோடு முடிகிற மூலையில் ஆடாக ஒரு புளியங்கொட்டையை வைத்தால் அந்த ஆட்டை எந்தப் புலியும் தொட முடியாது, ஏனென்றால் தாண்டி இறங்க இடமே இல்லை. ஒரே கோட்டில் இரண்டு ஆடு ஒட்டி நின்றால் ஒன்று மற்றதற்குக் காவல். புதிதாக ஆடுகிற பிள்ளை முதல் ஆட்டை நட்ட நடுவில், புலியின் வாய்க்கு நேராக வைக்கிறான். மூலையிலிருந்து கட்டிக்கொண்டு வரத் தெரிந்தவன் முதல் ஆறேழு ஆடுகளை ஒன்றும் போகாமல் இறக்கிவிடுவான்.

கணக்கையும் பாருங்கள். ஓர் ஆடுகூடச் சாகாமல் பதினைந்தும் இறங்கிவிட்டால் பலகையில் இருப்பது 18 காய், காலிப் புள்ளி ஐந்துதான். ஐந்து இடத்துக்குள் மூன்று புலிகள் திணற வேண்டும். இரண்டு ஆடு செத்திருந்தால் காலி இடம் ஏழு. அதாவது தொடக்கத்தில் இழக்கிற ஒவ்வோர் ஆடும் இரண்டு வகையில் நட்டம்: ஆள் குறைகிறது, புலிக்கு நடமாட இடமும் கூடுகிறது. ஆடு தோற்பது பெரும்பாலும் இந்த முதல் இழப்புகளால்தான், ஆட்டத்தின் அமைப்பால் அல்ல. நம் ஆட்டத்தின் நெருங்கிய உறவான நேபாளத்துப் பாக்சாலில் 25 புள்ளி, 4 புலி, 20 ஆடு. இரு தரப்பும் பிசகாமல் ஆடினால் அது சமனில் முடியும் என்று லிம் யூ ஜின், யுர்க் நீவர்கெல்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கணினியால் கணக்கிட்டு நிறுவியிருக்கிறார்கள். ஐந்து மடங்கு எண்ணிக்கை, முற்றிலும் வேறு வேறு பலம், ஆனாலும் சமன்.

“சரி, தோற்கிறவனுக்கு நாலைந்து ஆடு கூட்டிக்கொடுத்தால் போச்சு” என்பார்கள். கொடுத்துப் பாருங்கள். 23 புள்ளியில் புலி மூன்று போக மிச்சம் இருபது. இருபது ஆடும் சாகாமல் இறங்கினால் புலிக்குக் கால் வைக்க இடமில்லை, ஆட்டம் அங்கேயே முடிந்தது. ஒன்றோ இரண்டோ கூட்டினாலும் காலி ஐந்து என்பது நாலாகும், மூன்றாகும். பலகை சிறியதென்றால் ஒவ்வொரு காயும் முந்தைய காயைவிட அதிகமாகக் கனக்கும். பொம்மைப் படையில் இளைத்த பக்கத்துக்கு இன்னொரு கூட்டம் வீரர்களை வாங்கிச் சேர்ப்பவர்களும் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

இரு பக்கமும் ஒன்றுபோல் இருந்தால் நியாயம் தானாக வந்துவிடும் என்பதும் நிற்காத வாதம். சதுரங்கத்தைவிடச் சமமான படைகள் எங்கே உண்டு? அங்கேயே முதலில் நகர்த்தும் வெள்ளைக்கு நூற்றுக்கு 52 முதல் 56 வரை கிடைப்பதாகப் போட்டிக் கணக்குகள் காட்டுகின்றன. கோ ஆட்டத்தில் இரண்டாவதாக ஆடும் வெள்ளைக்கு ஜப்பானில் ஆறரை, சீனாவில் ஏழரை மதிப்பெண் என்று ஈடு கொடுத்துத்தான் சமமாக்குகிறார்கள்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் விலை. வார்ஹாமர் போன்ற பொம்மைப் படை ஆட்டங்களில் ஒவ்வொரு வீரனுக்கும் அல்லது அணிக்கும் மதிப்பெண் கணக்கில் ஒரு விலை உண்டு, இருவரும் ஒரே தொகைக்குப் படை எடுக்க வேண்டும். 2015-ல் வந்த ‘ஏஜ் ஆஃப் சிக்மார்’ விலையே இல்லாமல் வெளிவந்தது. ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள், அடுத்த ஆண்டே விலை திரும்பி வந்தது. விலை வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன், முன்பின் அறியாத இருவர் உட்கார்ந்து ஆட ஏதாவது ஓர் அளவுகோல் தேவை. ஆனால் விலை சமமானால் படை சமமாகிவிடும் என்றால் அந்த விலைப்பட்டியலைத் திரும்பத் திரும்பத் திருத்த வேண்டிய அவசியம் ஏன் வந்தது?

காரணத்தை 1916-லேயே பொறியாளர் ஃப்ரெடரிக் லான்செஸ்டர் கணக்காக எழுதிவிட்டார். ஐந்து அரக்கர்கள் ஒரு பக்கம், இருபது காலாட்கள் மறுபக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஆள் மட்டுமே மோத முடிகிற ஒடுங்கிய வழியில் ஓர் அரக்கன் நாலு காலாளுக்கு ஈடாக இருந்தால் போதும், சண்டை சமம். அதுவே வெட்டவெளியில், இருபது பேரும் தூரத்திலிருந்து ஒரே நேரத்தில் அம்பு விடலாம் என்றால், எண்ணிக்கையின் பலம் இருபடியாகப் பெருகும். அங்கே அரக்கன் பதினாறு மடங்கு வலுத்தவனாக இருக்க வேண்டும். அதே பெட்டி, அதே பொம்மை, அதே விலை. மேசையில் இரண்டு குன்றை நகர்த்தினால் முடிவு மாறுகிறது. 2006-ல் வந்த ‘பேட்டில் ஃபார் ஸ்கல் பாஸ்’ என்ற வார்ஹாமர் பெட்டியில் சில குள்ளர்களையும் பெருங்கூட்டமாகக் காப்ளின்களையும் வைத்து, பேரிலேயே கணவாயைக் களமாகச் சொன்னார்கள். கணவாயை எடுத்துவிட்டு வெறும் மேசையில் ஆடிப் பார்த்துப் படை சமமில்லை என்றால் குறை படையில் இல்லை.

நம் கரிசல் காட்டுக்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1801-ல் பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரையின் ஆட்களிடம் இருந்தது அவசரமாக எழுப்பிய மண்கோட்டை. மார்ச் 31-ல் கும்பினிப் படையின் தாக்குதல் அந்தச் சுவரில் முறிந்தது. கூடுதல் ஆளும் பீரங்கியும் வந்து சேர்ந்த பிறகு, மே 24-ல்தான் கோட்டை விழுந்தது. இதை மேசையில் ஆட விரும்புகிறவர் இரு பக்கத்துக்கும் சம ஆள் கொடுத்தால் கதையே போய்விடும். கோட்டைக்காரன் இத்தனை சுற்று தாக்குப்பிடித்தால் அவன் ஜெயித்தான் என்று வைத்தால் இளைத்த படைக்கும் உயிர் வரும்.

புதியவர்களுக்குச் சமமில்லாத ஆட்டம் ஆகாது என்பது கடைசி வாதம். எந்தப் பக்கத்தை யார் ஆடுகிறார் என்று பார்க்காமல் சொல்வது இது. புலிக்குக் காய் மூன்றுதான், செய்ய வேண்டியது கண்ணுக்குத் தெரியும், வெட்டினால் உடனே மகிழ்ச்சி. புதுப்பிள்ளைக்கு அதைக் கொடுங்கள். ஆட்டைப் பழகியவர் வைக்கட்டும். நாம் செய்வது தலைகீழ்: பெரியவர் புலியை எடுத்துக்கொண்டு, பதினைந்து காயையும் ஒன்றுக்கொன்று காவலாக நிறுத்தும் கடினமான வேலையைச் சின்னவன் தலையில் கட்டிவிட்டு, “ஆடுன்னா அப்படித்தான் தோக்கும்” என்கிறோம்.

சரிக்குச் சரி ஆடுகிறவர்களுக்கு, ஒரு காயைக்கூடக் கூட்டாமல் குறைக்காமல் இரண்டு வழி உண்டு. பக்கம் மாற்றி இரண்டு ஆட்டம் ஆடி, யாருடைய புலி அதிக ஆடு வெட்டியது என்று எண்ணலாம். அல்லது ஏலம் கூறலாம். எத்தனை ஆடு வெட்டினால் புலிக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் மாறுகிறதல்லவா, அதையே ஏலத்துக்கு விடுங்கள். ஒருவர் “அஞ்சு ஆடு வெட்டுறேன், புலியை எனக்குக் கொடு” என்கிறார். மற்றவர் “ஆறு” என்கிறார். முதலாமவர் “ஏழு” என்றதும் மற்றவர், “அப்படின்னா நீயே வச்சுக்கோ” என்று ஆட்டுப் பக்கம் உட்கார்கிறார். புலிக்கு எவ்வளவு சாதகம் என்பதை அந்த இருவரே, அவரவர் திறமையை அறிந்து, கணித்தாகிவிட்டது. தொடக்கப் படைப் பெட்டியைத் திறக்கிறவர்களும் இதையே செய்யலாம்: வலுத்த படை வேண்டும் என்கிறவர், எத்தனை சுற்றுக்குள் முடிப்பேன் என்று குறைத்துக்கொண்டே வரட்டும்.