இரவல் பீரங்கி



"ஈரானிலே குண்டு விழுந்தால் நமக்கென்ன? ஈராக்கிலே இரத்தம் ஓடினால் நமக்கென்ன? அது அவர்கள் மதத்துக்குள் மூண்ட சண்டை. அடித்துக்கொள்வதே அவர்கள் வழக்கம்!" புத்தூர் நால்ரோட்டிலே, நாளேட்டை மடித்து வைத்துவிட்டு, இப்படிப் பேசுவோர் உண்டு. பேசுவோர் பகைவரல்லர்; நம்மவர். நம் மேடைக்கு முன்னே அமர்ந்து கைதட்டுவோர். ஆகவேதான் அவர்களுக்கு விடையளிப்பது நம் கடமையாகிறது.

விடை தேடித் தெஹ்ரானுக்குப் போக வேண்டியதில்லை. பாக்தாதுக்கும் பயணம் வேண்டாம். புத்தூரிலிருந்து மலைக்கோட்டையை நோக்கி நடந்தால் போதும். நத்தர்வலி தர்காவிலே அந்த விடை அடக்கமாகியிருக்கிறது.

அங்கே அடங்கியிருப்போர் இருவர். ஒருவர் சந்தா சாகிப். மற்றவர் முகமது அலி வாலாஜா. இருவரும் ஒரே இறைவனைத் தொழுதவர்கள். இருவரும் ஒரே ஆர்க்காட்டு அரியணைக்கு ஆசைப்பட்டவர்கள். 1749 இல் ஆம்பூர்ப் போர்க்களத்திலே முகமது அலியின் தந்தை அன்வாருதீன் வீழ்ந்தார். மகன் திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் புகுந்தார். சந்தா சாகிபுக்குத் துணை யார்? புதுச்சேரியிலிருந்த பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே. முகமது அலிக்குத் துணை யார்? ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி. அரியணை ஆர்க்காட்டுடையது, பீரங்கியோ கடல் கடந்து வந்தது!

சண்டை எங்கே நடந்தது? பாரிசிலா? இலண்டனிலா? இல்லை தோழர்களே, நம் காவிரிக் கரையிலே! திருவரங்கத் தீவிலே பிரெஞ்சுப் படை பாசறை அமைத்தது. பக்தர்கள் வலம்வந்த கோயில் மதில்கள் போர்மதில்களாயின. 1752 ஜூனில் அந்தப் படை ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. சந்தா சாகிபின் தலை துண்டிக்கப்பட்டது. அத்தோடு ஓய்ந்ததா? இல்லை. "உதவிக்கு வந்தால் திருச்சி உனக்கு" என்று மைசூருக்கு முகமது அலி வாக்களித்திருந்தார், வாக்குத் தவறினார், மைசூர் பகையாயிற்று. 1753 இல் பொன்மலையடியிலே மீண்டும் பீரங்கி முழங்கிற்று. சண்டையிட்டோர் முகம் மாறிற்று. மிதிபட்ட வயல் மாறவில்லை!

வென்றவர் முகமது அலி என்று ஏடுகள் கூறும். வென்றாரா? அவர் பெயரால் நடந்த போரின் செலவுக்கணக்கைக் கம்பெனி அவரிடமே நீட்டிற்று. கடனுக்கு ஈடாக நிலவரி போயிற்று. போதாமல் தனிப்பட்ட ஆங்கிலேயரிடமும் வட்டிக்கு வாங்கினார். ஆர்க்காட்டு நவாபின் கடனைப் பற்றி எட்மண்ட் பர்க் 1785 இல் இலண்டன் நாடாளுமன்றத்திலே முழங்கினார் என்றால், அந்தக் கடனின் பெருமையை என்னென்பது! வாங்கியவர் நவாப், கட்டியவன் யார்? ஏர்பிடித்த உழவன்! முகமது அலி 1795 இல் மறைந்தார். 1801 இல் கர்நாடகத்தின் ஆட்சியையே கம்பெனி எடுத்துக்கொண்டது. நவாபுக்கு மிஞ்சியது பட்டமும் படிப்பணமும். தோற்றவர் தலையை இழந்தார். வென்றவர் வழித்தோன்றல்கள் நாட்டை இழந்தார்கள்!

அந்தப் போரை "இரண்டு இசுலாமியர் சண்டை" என்று சொல்லிவிட்டுப் போக முடியுமா? முடியாது. அதே கண்ணாடியைக் கொண்டு இப்போது பாரசீகத்தைப் பாருங்கள்.

1951 இல், ஈரானின் பிரதமர் முகமது மொசாடெக், தம் நாட்டு எண்ணெய் தம் மக்களுக்கே என்றார். பிரிட்டிஷார் ஆண்ட எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமையாக்கினார். அவர் மதவெறியரா? இல்லை, நாடாளுமன்றத்தை நம்பியவர். ஆயினும் 1953 ஆகஸ்டிலே அவரைக் கவிழ்த்தார்கள். கவிழ்த்தது அமெரிக்காவும் பிரிட்டனும் நடத்திய சதி. தன் பங்கை அமெரிக்க உளவு நிறுவனம் 2013 இல் வெளியான தன் ஆவணங்களிலேயே ஒப்புக்கொண்டுவிட்டது. ஷாவின் சிம்மாசனம் உறுதியாயிற்று. இரகசியப் போலீசான சவாக் 1957 இல் பிறந்தது. கட்சிக்குப் பூட்டு, ஏட்டுக்குப் பூட்டு, தொழிற்சங்கத்துக்குப் பூட்டு!

தோழர்களே, இங்கேதான் நாம் நின்று நிதானிக்க வேண்டும். எல்லாக் கதவையும் பூட்டியவன், பள்ளிவாசல் கதவை மட்டும் பூட்ட முடியவில்லை. பேச இடமற்ற மக்கள் அங்கே கூடினார்கள். நாடு கடத்தப்பட்ட கொமேனியின் பேச்சு, ஒலிநாடாக்களாக ஊர் ஊராய் உலவிற்று. எண்ணெய்த் தொழிலாளி வேலைநிறுத்தம் செய்தான், மாணவன் தெருவுக்கு வந்தான், கடைவீதி கதவடைத்தது, பெண்கள் பேரணி வகுத்தார்கள். ஷா ஓடினார். 1979 பிப்ரவரி முதல் நாள் கொமேனி தெஹ்ரானில் இறங்கினார்.

மக்கள் புரட்சிதான், மறுப்பவன் வரலாறு அறியாதவன். ஆனால் பலர் கூடி உடைத்த சிறையின் சாவியை ஒருவரே எடுத்துக்கொண்டார்! மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்துக்கு மேலே மதகுருவின் பீடம் ஏறிற்று. உடன்நின்ற இடதுசாரிகளின் தூதே கட்சி 1983 இல் தடை செய்யப்பட்டது. ஷாவை எதிர்த்து ஊர்வலம் வந்த பெண்ணின் தலையிலே, சட்டம் முக்காட்டைக் கட்டாயமாக்கிற்று. 2022 இல், மஹ்சா அமினி என்ற இளம்பெண் காவலில் இறந்தபோது ஈரானின் தெருக்கள் கொதித்தெழுந்தனவே, அந்தக் கொதிப்புக்கு வயது நாற்பதுக்கும் மேல்.

புரட்சியின் சூடு ஆறுமுன்னே போர் வந்தது. 1980 செப்டம்பரில் சதாம் உசேனின் ஈராக், ஈரான்மீது பாய்ந்தது. எட்டாண்டுப் போர்! சோவியத்தின் ஆயுதம் ஈராக்குக்கு. பிரான்சின் விமானம் ஈராக்குக்கு. அமெரிக்காவின் உளவுத் தகவலும் ஈராக்குக்கு. அதே அமெரிக்கா ஈரானுக்கும் இரகசியமாய் ஆயுதம் விற்றது 1986 இல் அம்பலமாயிற்று! இலட்சக்கணக்கான இளைஞர்கள் மண்ணானார்கள். 1988 மார்ச்சிலே ஹலப்ஜா நகரின் குர்து மக்கள்மீது ஈராக் நச்சுப்புகை வீசிற்று. போர் ஓய்ந்தபோது எல்லைக்கோடு எங்கே நின்றது? தொடங்கிய இடத்திலேயே!

வெற்றி இல்லை, கடன் இருந்தது. குவைத்துக்குக் கடன், சவூதிக்குக் கடன். முகமது அலியின் கதை நினைவுக்கு வருகிறதா? கடன் கொடுத்த குவைத்தையே 1990 ஆகஸ்டிலே சதாம் விழுங்கினார். முன்பு துணைநின்ற வல்லரசே படையோடு வந்தது. 2003 இல் அவரைக் கவிழ்த்தது.

ஆப்கானிஸ்தான் மட்டும் வேறா? 1979 டிசம்பரில் சோவியத் படை நுழைந்தது. அதை விரட்ட, மதத்தின் பெயரால் போரிட்டோருக்கு அமெரிக்கா பாகிஸ்தான் வழியே ஆயுதம் கொடுத்தது. சோவியத் 1989 இல் போயிற்று, ஆயுதம் போகவில்லை. 1996 இல் காபூலைத் தாலிபான் பிடித்தது. 2001 இல் அமெரிக்காவே வந்தது, 2021 இல் போயிற்று, தாலிபானே திரும்பிற்று!

இனிச் சொல்லுங்கள்: இதிலே நமக்கென்ன? குவைத் வீழ்ந்தபோது, ஏறத்தாழ 1,70,000 இந்தியரை ஜோர்டானின் அம்மான் நகரிலிருந்து விமானங்களில் மீட்க வேண்டியிருந்தது. சேமித்ததை விட்டு, கட்டிய துணியோடு திரும்பியோரில் தமிழர்களும் இருந்தார்கள். திருச்சி விமான நிலையத்திலே மகனை வளைகுடாவுக்கு வழியனுப்பும் தாயைக் கேளுங்கள். 2025 ஜூனிலே இஸ்ரேலும் அமெரிக்காவும் ஈரான்மீது குண்டு வீசியபோது, அந்த இரவுகளில் அவள் உறங்கியிருப்பாளா? அவள் கையிலே தாலி இருக்கலாம், தஸ்பீஹ் மணி இருக்கலாம், சிலுவை இருக்கலாம். கவலை ஒன்றுதான்.

எல்லாப் பழியும் அந்நியன்மீது என்று நான் சொல்ல வரவில்லை. உள்ளே கதவு திறந்தவன் இல்லாமல் வெளியான் வருவதில்லை. மக்கள் வாயை அடைக்கும் மன்னன், அந்நியனைத் துணைக்கழைக்கிறான். அந்த மன்னனை வீழ்த்தும் கூட்டமோ, ஆண்டவன் பெயரால் மக்கள் வாயை மறுபடி அடைக்கிறது. கிரீடம் தலைப்பாகையாவது விடுதலையாகாது!

ஆகவே, தோழர்களே, நால்ரோட்டிலே "அவர்கள் சண்டை" என்று பேச்சு எழுந்தால் வாய்மூடி இராதீர்கள். பாலக்கரையிலே கடை வைத்திருக்கும் பாய், தெஹ்ரானுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவரல்லர். அவரைக் குத்திக்காட்டும் குரலுக்கு இடம் தராதீர்கள். குண்டு போடும் வல்லரசைக் கண்டிப்பது போலவே, குரல்வளையை நெரிக்கும் மதபீடத்தையும் கண்டியுங்கள். ஒன்றைக் கண்டித்து மற்றதற்குக் கைதட்டாதீர்கள். நம் ஊரிலே மன்றம், ஏடு, சங்கம், மேடை ஆகிய இந்த நான்கு கதவும் திறந்தே இருக்கக் காவல் நில்லுங்கள். அவை மூடிய நாட்டிலேதான் கோயிலும் பள்ளிவாசலும் கொத்தளங்களாகின்றன.

நவாபுகள் இருவரும் ஒரே தர்காவிலே உறங்குகிறார்கள். அவர்களுக்குப் பீரங்கி இரவல் தந்தவனோ ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் நம்மை ஆண்டான். இரவல் பீரங்கியின் வாடகை நாடுதான் என்பதை, திருச்சிராப்பள்ளிக்காரன் சொன்னால் உலகம் நம்பும். சொல்லுங்கள்!