திருப்பித் தந்த வரி

யர்மூக் என்பது ஜோர்தான் நதியிற் சென்று கலக்கும் ஓர் ஆறு. கி.பி. 636 ஆகஸ்டில் அதன் அருகே நிகழ்ந்த போரினால் பைசாந்தியப் பேரரசு சிரியாவை இழந்தது. போரைக் காட்டிலும் அதற்கு முன் நடந்ததொன்றே நம் சிந்தையைக் கவர்கின்றது.

602 முதல் 628 வரை பாரசீகத்துடன் பொருது, வென்றும் நலிந்திருந்தது பேரரசு. எனினும் ஹெராக்ளியஸ் மன்னர் பெரும்படை திரட்டி அனுப்பவே, அராபியர் தாம் கைப்பற்றியிருந்த ஹிம்ஸ் நகரை விட்டுப் பின்வாங்க நேர்ந்தது. காப்பதற்கென வாங்கிய வரியை, இனிக் காக்க இயலாமையால், அவர்கள் நகர மக்களிடமே திருப்பிக் கொடுத்தனர் என்று 9ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் பலாதுரி எழுதியுள்ளார். எழுதியவர் வென்றோர் தரப்பினர் என்பதை மறத்தலாகாது. ஆயினும், ஒரு பயணச் சீட்டின் பணத்தைத் திருப்பித் தருதற்கே எத்தனை விதிகளைப் புரட்டுகிறோம் என்றெண்ணும்போது, ரயில்வே குமாஸ்தாவாகிய நமக்குச் சிறிது நாணமே உண்டாகின்றது.

போர் ஆறு நாட்கள் நீடித்தது என்பர். காலித் இப்னு அல்வலீதின் குதிரைப்படை, பகைவர்க்குப் பின்னிருந்த பாலத்தைப் பிடித்துக்கொண்டது. மீள வழியின்றிப் பலர் செங்குத்தான பள்ளங்களில் வீழ்ந்து மாண்டனர். ஹெராக்ளியஸ் அந்தியோக்கியாவினின்றும் அகன்றார்.

ஹிம்ஸ் மக்களோ, முடிவு தெரியும்வரை கோட்டைக் கதவுகளை அடைத்துக் காத்திருந்தனராம். வென்றவர் மீண்டபோது பாடுவோரும் இசைப்போருமாகத் திரண்டு வந்து எதிர்கொண்டு, வரியை மறுபடியும் செலுத்தினர் என்கிறார் பலாதுரி.