குற்றாலத்துத் தண்ணியைக் குற்றம் சொல்லாதீர்கள்

தென்காசி, மேலகரம், இலஞ்சி, செங்கோட்டை உறவுகள் எல்லாருக்கும்,

ஆனி மாசக் கல்யாணத்துக்கு வந்து திரும்பிய பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை. மறுவீட்டு விருந்துக்கு மறுநாள் ஐந்தருவிக்குப் போன வேனில் பாதிப் பேருக்கு வாந்தி. பிள்ளைகளுக்கு டிரிப்ஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. அன்று ராத்திரியே எல்லாரும் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டீர்கள்: “அருவித் தண்ணி சேரல.”

அந்த வார்த்தையை என்னால் விழுங்க முடியவில்லை. அருவியில் கால்கூட நனைக்காமல் வேனிலேயே உட்கார்ந்திருந்த ஆச்சிக்குத்தான் முதல் வாந்தி வந்தது. மதியம் சாப்பிடாமல் குளித்துக்கொண்டே இருந்த பையன்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஒரு மணிக்குச் சாப்பிட்டவர்கள் நாலு மணிக்குள் சுருண்டார்கள். அவர்கள் எல்லாரும் சாப்பிட்டது ஒன்றே: முந்தின நாள் மத்தியானப் பந்திக்கு வடித்து, மிஞ்சி, மூடிய அண்டாவில் ராத்திரி முழுக்கக் கிடந்து, காலையில் தேங்காய்ச் சோறாக மாறிய சோறு. இத்தனை கண்ணெதிரே இருந்தும் பழி அருவி மேல் போனது.

இங்கே சிங்கப்பூரில் ஒரு கேட்டரிங் சமையல்கூடத்தில் சோறு என் பொறுப்பு. தென்காசிக்காரர்களும் கடையநல்லூர்க்காரர்களும் யுத்தத்துக்கு முன்பிருந்தே வந்து பிழைத்த ஊர் இது. அந்த வரிசையில் நானும் ஒருத்தன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. வடித்த சோற்றை இங்கே நான் அண்டாவில் விடமாட்டேன். உடனே பரிமாறுவதென்றால் 60 டிகிரிக்குக் கீழே இறங்க விடமாட்டேன். பிறகு வேண்டுமென்றால் அகலத் தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பி, சீக்கிரம் ஆறவைத்து, 5 டிகிரிக்குக் கீழே கொண்டுபோவேன். வெளியே அனுப்பும் சாப்பாட்டில் நேரம் எழுதி ஒட்ட வேண்டும், சமைத்து நாலு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

“வெளிநாடு போனதும் ஊர்ச் சோறு ஆகாமல் போச்சோ” என்று பெரியப்பா கேட்டார். அப்படி இல்லை பெரியப்பா. சிற்றாறு பாய்கிற நம் வயல் மண்ணில் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமி எப்போதும் உண்டு. உலகத்தில் நெல் விளைகிற எந்த மண்ணிலும் உண்டு. அது ஸ்போர் என்ற கெட்டியான வித்தாகச் சுருங்கி அரிசியோடு வீட்டுக்கு வருகிறது. உலை கொதித்தாலும் அந்த வித்து சாவதில்லை. கொதித்த சூடே அதைத் தட்டி எழுப்பிவிடும். சோறு ஆறி உடம்புச் சூட்டுக்கு வரும்போது முளைத்துப் பெருகும். மேலே கை வைத்தால் ஆறியிருக்கும், நடுவிலோ மணிக்கணக்காக வெதுவெதுப்பு நிற்கும். மூடிய அண்டாவைவிட அதற்கு நல்ல இடம் கிடைக்காது.

“எதுக்கும் ஒருதரம் சுட வச்சுட்டாப் போதும்” என்று மதினி சொன்னது நம்மூரில் எல்லாரும் நம்புவதுதான். இதில் அது பலிக்காது மதினி. அந்தக் கிருமி சோற்றிலேயே செரியுலைடு என்ற நஞ்சைக் கக்கி வைக்கிறது. 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. நம் பிரஷர் குக்கரின் முழுச் சூடே அவ்வளவுதான். கிருமியைக் கொன்றாலும் நஞ்சு இருக்கும், மணத்திலும் ருசியிலும் பெரும்பாலும் காட்டிக்கொடுக்காது. சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி எடுக்க வைக்கும். ஆச்சியின் சோற்றை யாரும் ஆய்வகத்துக்கு அனுப்பவில்லை. ஆனாலும் அந்த மூன்று மணி நேரக் கணக்கு இதைத்தான் காட்டுகிறது. இதே கிருமியில் இன்னொரு வகை, வயிற்றுக்குள் போன பிறகு ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்து வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். அப்போது ஊர் திரும்புகிறவர்களின் வண்டி வாசுதேவநல்லூர் தாண்டியிருக்கும், பழி கடைசியாக டீ குடித்த கடை மேல் விழும்.

இங்கிலாந்தில் 1971 முதல் சீன உணவகங்களில் இந்த வாந்தி வகை வரிசையாகக் கண்டுபிடிக்கப்பட்டது. முந்தின நாள் வேகவைத்து வெளியே வைத்திருந்த சோற்றை மறுநாள் ஃப்ரைடு ரைஸாக வறட்டிக் கொடுத்திருந்தார்கள். நாம் தேங்காய் போட்டுத் தாளித்தோம், வேறு வித்தியாசம் இல்லை. 2008-ல் பெல்ஜியத்தில் இருபது வயது மாணவர் ஒருவர், ஐந்து நாள் வெளியே கிடந்த ஸ்பாகெட்டியைச் சூடாக்கித் தின்று, மறுநாள் விடிவதற்குள் இறந்துபோனார். ஈரல் செயலிழந்திருந்தது. பெரும்பாலோர் ஒரே நாளில் தேறிவிடுகிறார்கள் என்பது நிஜம். அப்படித் தேறுவதால்தானே நாம் கேட்காமலேயே விட்டுவிடுகிறோம்!

கறிச்சோறு உறவுகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பெரிய சட்டிக் குழம்பின் அடியில் காற்றுப் போகாத இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற இன்னொரு வித்துக் கிருமி வளரும். 45 டிகிரிச் சூட்டில் சுமார் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். மூன்று மணி நேரத்தில் ஒன்று இரண்டரை லட்சம் தாண்டும். அதைத் தளதளவென்று முழுக்கக் கொதிக்கவிட்டால் கொல்லலாம். சால்னாவை வெதுவெதுப்பாக்கி ஊற்றினால் அதற்கு உதவி செய்ததாகத்தான் ஆகும்.

நம் ஆச்சிமார் அருவிக்கு எதைக் கட்டிக்கொண்டு போனார்கள்? புளியோதரை. புளிப்பு ஏற ஏறச் சோற்றுக் கிருமியால் வளர முடியாது. தேங்காய்ச் சோற்றிலும் சொதியிலும் அந்தக் காவல் இல்லை. வடித்த சோற்றைப் பாயில் கொட்டிப் பரப்பியதும், பந்திக்குப் பந்தி புதிதாக வடித்ததும், மிஞ்சியதைச் சாயங்காலத்துக்குள் தெருவுக்குக் கொடுத்துத் தீர்த்ததும் நம் வழக்கம்தானே. நான் சிங்கப்பூர் பாடத்தை உங்களுக்குப் படிப்பிக்க வரவில்லை.

அந்த வழக்கம் ஏன் போயிற்று என்று யோசித்தால் என் நெஞ்சில்தான் வந்து குத்துகிறது. ஆக்குப்புரையில் ஓடியாடப் பத்துப் பையன்கள் இருந்தார்கள். அவர்களில் நான் இங்கே, ஒருத்தன் துபாயில், ஒருத்தன் பெங்களூரில், இப்படி ஆளுக்கொரு ஊர். மிஞ்சியிருக்கும் இரண்டு பேரை வைத்துக்கொண்டு தவசுப்பிள்ளை எல்லாச் சோற்றையும் ஒரே ஈட்டில் வடிக்காமல் என்ன செய்வார்? இது எனக்குத் தெரிகிறது. தெரிந்தும் கோபம் தணியவில்லை.

“தண்ணி சேரல” என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் யாரும் எதையும் கேட்பதில்லை. எத்தனை மணிக்கு வடித்த சோறு என்று டாக்டர் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. 2019-ல் தென்காசி தனி மாவட்டமான பிறகு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் திருநெல்வேலி வரை ஓட வேண்டியதில்லை. ஆனாலும் ஒருத்தரும் போகவில்லை. நம் ஊரில் ஆண்டுதோறும் எத்தனை பிள்ளைகள் இப்படிப் படுக்கிறார்கள் என்பது ஒரு ஏட்டிலும் ஏறாது. கல்யாணத்தில், கோயில் அன்னதானத்தில், விடுதியில், எங்கே நடந்தாலும் குற்றவாளி அருவிதான். சீசனில் அந்தத் தண்ணியை நம்பித்தானே நம் ஊர்க் கடைகள் அடுப்பு மூட்டுகின்றன! அதன் பெயரை நாமே கெடுப்பது எனக்குத் தாங்கவில்லை.

கார்த்திகையில் அடுத்த கல்யாணம் வருகிறது. தவசுப்பிள்ளை அண்ணாச்சியிடம் இப்போதே பேசுங்கள். பந்திக்குப் பந்தி தனியாக வடிக்கட்டும். மிஞ்சும் சோறு அன்றைக்கே போய்ச் சேரட்டும். கூடுதல் ஆள் கூலியும் விறகும் என் கணக்கு. மறுநாள் குற்றாலத்துக்கு விடியற்காலையில் புதுச் சோறு வடித்துப் புளியோதரை. புளிக்காய்ச்சலை நானே கிளறுகிறேன். பெரியப்பாவுக்குச் சம்மதம் என்றால் இந்த வாரமே ஒரு போன் போடச் சொல்லுங்கள், டிக்கெட் எடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
மேலகரத்து வீட்டுப் பிள்ளை
சிங்கப்பூர்