எரித்தவர்களும் ஏலம் விடுபவர்களும்

ஓவியர் சித்தபிரசாத்தின் மதிப்பு இப்போது கூடியிருக்கிறது. குளிரூட்டப்பட்ட கலைக்கூடங்களில் அவரது படங்கள் சட்டமிட்டுத் தொங்குகின்றன. ஏலக் கூடங்களில் விலை கூறப்படுகின்றன. கூடவே ஒரு வாதமும் விற்பனைக்கு வருகிறது. அவர் இயல்பிலேயே பெரும் நவீன ஓவியராம். கம்யூனிஸ்ட் கட்சி அவரை வெறும் பிரச்சாரகராகக் குறுக்கிவிட்டதாம். கட்சியைவிட்டு விலகிய பிறகே அவருக்குள் இருந்த கலைஞர் விடுதலை பெற்றாராம். அவரது வாழ்க்கையும் படங்களும் சொல்வது இதற்கு நேர்மாறானது.

1915இல் வங்கத்தின் நைஹாட்டியில் பிறந்த சித்தபிரசாத், சிட்டகாங்கில் கல்லூரியில் படித்தவர். ஓவியத்தைப் பெரும்பாலும் தாமே கற்றுக்கொண்டார். சாதியை மறுத்து, பட்டாச்சார்யா என்னும் குடும்பப் பெயரைத் துறந்தார். புராணக் காட்சிகளை மென்மையான நீர்வண்ணத்தில் கரைத்துத் தரும் பாணி வங்கத்தில் செல்வாக்குடன் இருந்த காலம் அது. அந்தப் பாணியிலிருந்து அவரை வெளியே கொண்டுவந்தது எந்த ஓவியப் பள்ளியும் அல்ல, இயக்கத்தின் தேவைதான். சுவரொட்டிக்குத் தூரத்திலிருந்து தெரியும் உருவம் வேண்டும். மட்டமான தாளில் அச்சாகும் கட்சிப் பத்திரிகைக்குக் கருப்பு மையில் அழுத்தமான கோடு வேண்டும். மெல்லிய சாயல்கள் அதில் அழிந்துபோகும். இன்றைய விமர்சகர்கள் வியந்து எழுதும் அந்தக் கூர்மையான கோடு இப்படிப் பிறந்தது.

1943 நவம்பரில் அவர் மேதினிப்பூர் மாவட்டத்தில் கால்நடையாகச் சுற்றினார். முந்தைய ஆண்டின் புயல் அந்த மாவட்டத்தைச் சிதைத்திருந்தது. ஜப்பானியர் கையில் கிடைக்கக் கூடாது என்று கூறி, ஆட்சியாளர்கள் கடலோர மக்களின் படகுகளையும் அரிசியையும் பறித்திருந்தனர். பதுக்கல்காரர்கள் மிச்சத்தை முடித்துவைத்தனர். அந்தப் பஞ்சத்தில் வங்கத்தில் மாண்டவர்கள் சுமார் 30 லட்சம் பேர். சித்தபிரசாத் பட்டினியைப் பொதுவான துயரமாக வரையவில்லை. வரைந்தவரின் பெயர் என்ன, எந்த ஊர், நிலம் எப்படிப் போனது என்று படத்தோடு எழுதிவைத்தார். ‘பசித்த வங்கம்’ என்ற அந்த நூல் ஆங்கிலத்தில் வெளிவந்ததும், பிரிட்டிஷ் அரசு 5,000 பிரதிகளைக் கைப்பற்றி எரித்தது. வெறும் பிரச்சாரத்துக்கு ஏகாதிபத்தியம் இவ்வளவு அஞ்சுமா என்பதை ஏலக்காரர்கள்தான் விளக்க வேண்டும்.

அவரது குடும்பத்தார் வங்கிப் பெட்டகத்தில் காத்த ஒரு பிரதி மட்டுமே தப்பியது. 2011இல் அதன் நகல் பதிப்பைக் கொண்டுவந்தது தில்லியின் தனியார் கலைக்கூடம் ஒன்று. அதைப் பாராட்டலாம். ஆனால், எல்லோர் கைக்கும் போக வேண்டும் என்று அச்சிட்ட நூல், காலனிய போலீசார் வைத்த தீயினாலேயே அரும்பொருளாகி, அந்த அருமையே இன்று விலையாகிறது. சந்தைக்கு இதில் கூச்சம் எதுவும் இல்லை.

சந்தை பேச விரும்பாத இன்னொரு பயணமும் உண்டு. 1944இல் சித்தபிரசாத் ஹூக்ளி மாவட்டத்தின் ஜிராட் கிராமத்துக்குச் சென்றார். இந்து மகாசபைத் தலைவர் சியாமா பிரசாத் முகர்ஜியின் பூர்வீக ஊர் அது. சுற்றிலும் மக்கள் பசியில் வாட, அங்கே தலைவரின் மாளிகை எழும்பிக்கொண்டிருந்ததைக் கட்சியின் ‘பீப்பிள்ஸ் வார்’ வார இதழில் எழுதினார். முகர்ஜியைத் தேசத்தின் தந்தையர் வரிசையில் நிறுத்தப் பாடுபடும் இன்றைய ஆட்சியாளர்கள் அந்தக் கட்டுரையைப் பாடநூலில் சேர்ப்பார்களா?

‘விடுதலை பெற்ற’ பிற்காலத்தையும் பார்த்துவிடலாம். 1948க்குப் பிறகு அவர் கட்சியிலிருந்து விலகினார் என்பது உண்மை. பி.சி. ஜோஷி ஓரங்கட்டப்பட்டபோது, அவர் திரட்டிய கலைஞர்கள் வட்டமும் சிதறியது. அதில் கட்சிக்குள்ள பொறுப்பை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் விலகிய சித்தபிரசாத் எதை வரைந்தார்? பம்பாய் அந்தேரியில் எளிய வாழ்க்கை வாழ்ந்தபடி, லினோலியத்தில் செதுக்கி அச்சிடும் முறையில் குழந்தைத் தொழிலாளர்களைப் பதித்தார். குறைந்த செலவில் பல பிரதிகள் எடுக்கலாம் என்பதே அந்த முறையின் சிறப்பு. நிலமிழந்த விவசாயியின் கதையான பிமல் ராயின் ‘தோ பிகா ஜமீன்’ படத்துக்குச் சுவரொட்டி வரைந்தார். குழந்தைகளுக்காகப் பொம்மலாட்டம் நடத்தினார். கட்சி அட்டை போயிற்று, வர்க்கம் மாறவில்லை.

அதே பம்பாயில் 1947இல் தோன்றிய முற்போக்கு ஓவியர் குழுவிலிருந்தே இந்திய நவீன ஓவியத்தின் கதையைத் தொடங்குவது வழக்கமாகிவிட்டது. அந்தக் குழுவின் சாதனையை யாரும் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே மேதினிப்பூரின் வயல்வெளிகளில் ஒரு நவீனம் உருவாகியிருந்தது. பசித்தவர்களை வரையும்படி இளம் சோம்நாத் ஹோரை ஊக்குவித்தவரும் சித்தபிரசாத்தான். அந்த ஹோர் 1946இல் தேபாகா விவசாயிகளின் போராட்டத்தை நாட்குறிப்பாகவும் ஓவியங்களாகவும் பதிவுசெய்தார். ஆக, அது தனிமனித மேதைமையின் விபத்தன்று; அதற்கு ஒரு மரபு உண்டு.

1978இல் சித்தபிரசாத் கல்கத்தாவில் காலமானார். இந்திய மக்கள் நாடக மன்றத்தின் சின்னத்தில் முரசறையும் மனிதனை வரைந்தவர் அவர். அந்தச் சின்னம் பதித்த பதாகையை இன்றும் ஊர்வலங்களில் தோழர்கள் தூக்கிச் செல்கிறார்கள். வரைந்தவர் யாரென்று அவர்களில் பலருக்குத் தெரியாது.