மாதிரி அனுப்புவதிலும் ஒரு மரியாதை இருக்கிறது

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நம் பாலாற்றங்கரை ஊர்களில் பல வீடுகளின் கதை ஒன்றுதான். தாத்தா தோல் ஷாப்பில் டிரம் ஓட்டினார். அம்மா ஷூ கம்பெனியில் அப்பர் தைத்தார். பிள்ளை இன்ஜினீயரிங் முடித்துவிட்டு லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன். எழுதிய நிரல் ஓடாதபோது அதை இன்னொருவரிடம் காட்டி உதவி கேட்கிறார்களே, அந்தக் கேட்கும் முறையைப் பற்றி.

"பென்ஷன் வாங்குற வயசுல உமக்கு இதெல்லாம் எதுக்கய்யா?" என்று கேட்பீர்கள். முப்பது வருஷத்துக்கு மேல் தோல் ஏற்றுமதியில், சாம்பிள் பிரிவில் இருந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு பேரனோடு சேர்ந்து பைத்தான் கற்றுக்கொண்டேன். பெரிய வித்தை ஒன்றும் தெரியாது; கணக்கு வழக்கு, பட்டியல் அளவில்தான். ஆனால் ஒரு மாதிரியை எப்படி அனுப்ப வேண்டும் என்பது எனக்குத் தெரியும். சோறு போட்ட வேலை அது.

தெருவில் ஒரு பெண். கல்லூரி முடித்து ஒரு வருஷம் ஆகிறது. ஒரு நிரலில் மூன்று நாளாகச் சிக்கிக்கொண்டு, தெரிந்த குழுக்களில் எல்லாம் கேட்டிருக்கிறாள். ஒருவரும் பதில் சொல்லவில்லை. "நமக்கெல்லாம் இது வராது போல தாத்தா" என்றாள். என்ன அனுப்பினாள் என்று வாங்கிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் திரையை மொபைலில் படம் பிடித்து, "கோட் ஒர்க் ஆகல, ஹெல்ப் ப்ளீஸ்" என்று ஒரு வரி. படத்தில் பாதி திரை, பாதி ட்யூப் லைட்டின் பிரதிபலிப்பு.

பதில் வராதது அவளுடைய அறிவுக்குக் கிடைத்த மதிப்பெண் அல்ல. கேட்ட விதத்துக்குக் கிடைத்தது. இதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. நான்கு வருஷம் பாடம் நடத்தியவர்களும் சொல்லவில்லை. அப்பா, அண்ணன் என்று வீட்டில் ஏற்கெனவே இந்தத் துறையில் ஆள் இருக்கிற பிள்ளைக்கு இது தானாகத் தெரிந்துவிடும். முதல் தலைமுறையாக வருகிற நம் ஊர்ப் பிள்ளைக்கு யார் சொல்வது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தோலில் நாம் கற்ற வழக்கத்தை வைத்தே சொல்கிறேன், நம்மவர்களுக்குப் புரியும்.

முதலாவது, துண்டு சின்னதாக இருக்க வேண்டும். ஒரு லாட்டில் சாயம் திட்டுத் திட்டாக விழுந்துவிட்டது என்றால், சென்னை அடையாறில் 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கு லாரியில் லாட்டையே ஏற்றிக்கொண்டு போவோமா? துண்டு வெட்டித்தான் அனுப்புவோம். ஆனால் அந்தத் துண்டில் கோளாறு தெரிய வேண்டும். வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று இருக்கிற இடத்தை வெட்டி அனுப்பினால் முதுகுத் தோலைப் பற்றி ஒன்றும் தெரியாது. சோதனைக்குத் தோலில் எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்பதற்கே சர்வதேச விதி இருக்கிறது. நிரலும் அப்படித்தான். ஐந்நூறு வரியையும் கொட்டாதே. கோளாறு எந்தப் பத்து வரியில் இருக்கிறதோ அதை மட்டும் தனியாக எடு. அந்தப் பத்து வரியைத் தனியாக ஓட்டினாலும் அதே கோளாறு வருகிறதா என்று பார்த்துவிட்டு அனுப்பு.

இதில் ஒரு லாபம் உண்டு. வெட்டி வெட்டிச் சின்னதாக்கும்போதே பாதி நேரம் கோளாறு எங்கே என்று நமக்கே பிடிபட்டுவிடும். டிரம்மில் ஒவ்வொரு கட்டத்திலும் ஓரத்தில் ஒரு கீற்று வெட்டி, வெட்டு முகத்தில் ஒரு சொட்டு இண்டிகேட்டர் விட்டுப் பார்ப்போமே, அதுபோல. ஓரம் நீலமாகவும் நடு மஞ்சளாகவும் இருந்தால் நடு வரைக்கும் இன்னும் இறங்கவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். யாரையும் கேட்க வேண்டிய வேலை இல்லை.

இரண்டாவது, துண்டோடு சீட்டு இருக்க வேண்டும். ஆட்டுத் தோலா மாட்டுத் தோலா, எந்த லாட், எந்த எடையின் மேல் சதவிகிதம் போட்டது, எத்தனை மணி நேரம் ஓடியது என்று எழுதாமல் வந்த சாம்பிளை எந்த லேபிலும் ஓரமாகத்தான் வைப்பார்கள். நிரலுக்கும் சீட்டு வேண்டும். எந்த மொழி, அதன் எந்தப் பதிப்பு, என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தாய், என்ன நடந்தது, திரையில் வந்த பிழைச் செய்தி என்ன. அந்தச் செய்தியை முழுசாக, ஒரு எழுத்து மாறாமல் போட வேண்டும். "ஏதோ எரர் வந்துச்சு" என்பது டாக்டரிடம் போய் "ஏதோ வலிக்குது" என்பதைப் போல. பதிப்பு எதற்கு என்று கேட்கலாம். பைத்தானின் மூன்றாம் பதிப்பு 2008 கடைசியில் வந்தது. இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 தொடக்கத்தோடு முடிந்தது. ஒன்றுக்கு எழுதியது மற்றதில் பல இடங்களில் ஓடாது. பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதிவிட்டுப் புதிய பதிப்பில் ஓட்டுகிற பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள்.

மூன்றாவது, பெறுபவர் கையில் எடுத்து ஓட்டிப் பார்க்கும்படி அனுப்ப வேண்டும். திரையைப் படம் பிடித்து அனுப்பினால், உதவ வருகிறவர் அதை வரிக்கு வரி தட்டச்சு செய்ய வேண்டும். இனாமாக உதவுகிறவரிடம் கூலியும் வாங்காமல் வேலை வாங்குவது அது. எழுத்தாகவே அனுப்ப வேண்டும். எழுத்திலும் கவனம் தேவை. வேர்டில் ஒட்டி எடுத்தால் நேரான மேற்கோள் குறி வளைந்த குறியாக மாறிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பைத்தானுக்கு வளைந்த குறி என்றால் என்னவென்றே தெரியாது. அந்த மொழியில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்கும் அர்த்தம் உண்டு. அது கலைந்தால் நிரலே கலைந்தது.

இந்த மூன்றாவது சங்கதி தமிழர்களுக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளில் வெளிநாட்டுப் பிள்ளைகளிடமிருந்து தமிழில் மின்னஞ்சல் வாங்கியவர்களுக்கு நினைவிருக்கும். அவர்கள் பயன்படுத்திய எழுத்துரு நம்மிடம் இல்லையென்றால் கட்டமும் பூச்சியுமாகத்தான் தெரியும். ஒவ்வொரு கம்பெனியும் தன் எழுத்துருவுக்குத் தனிக் குறியீடு வைத்திருந்தது. "என்கிட்ட சரியாத்தானே தெரியுது" என்பதுதான் எல்லோருடைய பதிலும். உலகம் முழுக்கச் சிதறியிருந்த தமிழர்கள் மின்னஞ்சல் குழுக்களில் மாதக்கணக்கில் வாதாடித்தான் திஸ்கி என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். 1998 பொங்கலன்று முனைவர் கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் திஸ்கியில் தந்தது. பிறகு யூனிகோடுக்கு வந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்99 விசைப்பலகை வந்தது. 2010-ல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றது. இன்று என் பேத்தி அனுப்பும் செய்தி எந்த மொபைலிலும் தமிழாகவே தெரிகிறது. அனுப்புகிறவருக்குச் சரியாகத் தெரிந்தால் போதாது, பெறுகிறவருக்கும் தெரிய வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர்கள் தந்தது இது.

நான்காவது, சொல்லக் கூடாததைச் சொல்லாதே. வெளியாளுக்குச் சாம்பிள் அனுப்பும்போது வாங்குகிற கம்பெனியின் பெயரையும் விலையையும் சீட்டிலிருந்து கிழித்துவிட்டுத்தான் அனுப்புவோம். வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் நிரலோடு கம்பெனியின் கடவுச்சொல்லையும், வாடிக்கையாளர் போன் நம்பரையும் சேர்த்து ஒட்டிவிடுகிறார்கள். அப்படி வெளியே போனது திரும்பி வராது. பொய்ப் பெயர், பொய் எண் போட்டு மாதிரி தயாரிப்பது பத்து நிமிஷ வேலை.

ஐந்தாவதுதான் அதிகம் மறக்கப்படுவது. கோளாறு சரியானதும், "இப்படிச் செய்தேன், சரியாகிவிட்டது" என்று கேட்ட இடத்திலேயே எழுத வேண்டும். யாருடைய நிரலை எடுத்துப் பயன்படுத்தினாயோ அவர் பெயரையும் சொல்ல வேண்டும். நாளைக்கு அதே பள்ளத்தில் விழப் போகிறவனுக்கு அது கைகொடுக்கும்.

இதில் எனக்கு ஒரு பழைய ஆதங்கம் உண்டு. நான் பார்த்த ஒரு தோல் ஷாப்பில் மாஸ்டர் ஒருவர் இருந்தார். அவர் செய்கிற பிரவுன் மாதிரி அந்த வட்டாரத்தில் யாருக்கும் வராது. ரெசிபியைத் தன் உதவியாளருக்குக்கூடக் காட்டமாட்டார். ரசாயனம் எடை போடும்போது பையன்களை வெளியே அனுப்பிவிடுவார். அவர் போனபோது பிரவுனும் கூடவே போய்விட்டது. அவரைக் குறை சொல்ல மனமில்லை. அந்த ரகசியம்தான் அவருடைய வேலைக்கு உத்தரவாதம். ஆனால் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட காலத்துக் கைப்பக்குவம் எத்தனை இப்படி மண்ணோடு போயிருக்கும் என்று நினைத்தால் மனசு வலிக்கிறது.

கம்ப்யூட்டர் உலகத்தில் பெரும் பகுதி இதற்கு நேர் எதிராக நடக்கிறது. 1991 ஆகஸ்டில் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர், தான் ஒன்று செய்துகொண்டிருப்பதாகவும் கருத்துச் சொல்லும்படியும் முன்பின் தெரியாதவர்களைக் கேட்டு எழுதினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் லினக்ஸ். நம் ஆண்ட்ராய்டு மொபைலுக்குள் இருப்பதும் அதன் கருவே. சென்னை, காஞ்சிபுரம், விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழுக்கள் உண்டு. கணியம் என்று தமிழிலேயே கட்டற்ற மென்பொருளைப் பற்றி எழுதுகிறார்கள். எழில் என்ற மொழியில் நிரலையே தமிழில் எழுதலாம். திரையில் வணக்கம் காட்ட 'பதிப்பி' என்று எழுதி, பக்கத்தில் மேற்கோள் குறிக்குள் 'வணக்கம்' என்று போட்டால் போதும். ரெசிபி நோட்டு அங்கே மேஜை மேல் திறந்தே கிடக்கிறது. திறந்து கிடக்கும் நோட்டை எப்படிப் புரட்டுவது என்று தெரியாமல் நம் பிள்ளைகள் வாசலில் நிற்பதுதான் என் கவலை.

பதில் சொல்கிறவர்களுக்கும் மரியாதை உண்டு. அதையும் சொல்லாவிட்டால் இது ஒருதலைப்பட்சமான கட்டுரை ஆகிவிடும். தெரிந்தவர்கள் சிலர் புதிதாக வருகிறவரைக் கிண்டல் செய்து விரட்டுவது அந்த உலகத்திலும் உண்டு. டோர்வால்ட்ஸே கடுஞ்சொல்லுக்குப் பேர் போனவர். 2018 செப்டம்பரில் அதற்காக மன்னிப்புக் கேட்டுக் கொஞ்ச காலம் ஒதுங்கியிருந்தார். அத்தனை பெரியவர் கேட்கலாம் என்றால் மற்றவர்களும் நாக்கை அடக்கலாம். "சாம்பிள் சரியில்லை, இப்படி வெட்டி அனுப்பு தம்பி" என்று ஒரு வரி எழுதினால் அந்தப் பையன் நாளைக்கு இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுப்பான்.

"இனிமேல் யாரையும் கேட்க வேண்டாம், ஏஐ எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும்" என்று பேரன் வாதாடுகிறான். சொல்லட்டும். அதனிடமும் சீட்டு இல்லாத சாம்பிளைக் கொடுத்தால் சீட்டு இல்லாத பதில்தான் வரும். அது தந்ததை ஓட்டிப் பார்க்காமல் அடுத்தவருக்கு அனுப்புவது அதைவிட மோசம். நிரல் சந்தேகங்களுக்குப் பேர் பெற்ற ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம், 2022 டிசம்பரிலேயே சாட்ஜிபிடி எழுதிய பதில்களைப் போடக் கூடாது என்று தடை போட்டது. பார்க்கச் சரியாக இருந்து, ஓட்டினால் தவறாகிற பதில்கள் குவிந்ததுதான் காரணம். மேலே பாலிஷ் பளபளக்கும், மடித்தால் கிரெய்ன் வெடிக்கும் தோலை நாம் பார்த்ததில்லையா?

தெருப் பெண்ணுடைய நிரலை நாங்கள் இருவரும் உட்கார்ந்து வெட்டினோம். இருநூறு வரி பதினான்கு வரியானது. சீட்டு எழுதி அனுப்பினாள். அன்று ராத்திரியே இரண்டு பேர் பதில் எழுதியிருந்தார்கள். ஒருவர் எந்த ஊரென்றே தெரியாது.

உங்கள் வீட்டில் இப்படிப் படித்துக்கொண்டிருக்கிற பிள்ளை இருந்தால், நிரல் தெரியவில்லையே என்று தள்ளி நிற்காதீர்கள். "நீ என்ன எழுதிக் கேட்டே, காட்டு" என்று கேளுங்கள். உங்களுக்கே புரியாதபடி கேட்டிருந்தால், "என்ன எதிர்பார்த்தே? என்ன நடந்துச்சு?" என்று இரண்டு கேள்வி போடுங்கள். அந்த இரண்டையும் கேட்பதற்குக் கம்ப்யூட்டர் தெரிய வேண்டியதில்லை. தோல் ஷாப்பில் மேஸ்திரி தினமும் கேட்டவைதான்.