ஸ்டெப்னியில் காத்து இருக்கா?

2024 தீபாவளிக்கு முந்தின வாரம். தாம்பரத்திலிருந்து விழுப்புரத்துக்கு, அம்மா வீட்டுக்குக் கிளம்பினேன். பின் ஸீட்டில் குழந்தைகள் இரண்டும் ஒரு முறுக்கு டின்னும். இவருக்கு லீவு கிடைக்கவில்லை, நான்தான் ஓட்டினேன். மதுராந்தகம் தாண்டியதும் ஸ்டியரிங் இடது பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால், முன் சக்கரம் தரையோடு சப்பையாக உட்கார்ந்திருக்கிறது!

டிக்கியில்தான் ஸ்டெப்னி இருக்கிறதே என்ற தைரியம் எனக்கு. (ஸ்டெப்னி என்பது வேல்ஸ் நாட்டு லானெல்லி என்ற ஊரில் ஒரு தெருவின் பெயராம். உபரிச் சக்கரம் அங்கே பிறந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.) பக்கத்துப் பஞ்சர் கடைத் தம்பி வந்து அதை வெளியே எடுத்து ஓர் அமுக்கு அமுக்கினார். "அக்கா, இதுலயும் காத்து இல்லியே!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இருட்டப் போகிறது, லாரிகள் உரசுகிற மாதிரி போகின்றன, சின்னவள் தண்ணீர் கேட்கிறாள். வண்டி வாங்கின நாளிலிருந்து அந்த ஸ்டெப்னியை நான் தொட்டதுகூட இல்லை. உபயோகிக்காத டயரிலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பவுண்டு காற்று தானாகவே இறங்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தத் தம்பி முதலில் செய்த காரியம், குழந்தைகளை இறக்கி ரோட்டைவிட்டுத் தள்ளி நிற்க வைத்ததுதான். வண்டிக்குள் ஆள் இருக்கும்போது ஜாக்கி போடவே கூடாதாம். கைப் பிரேக்கை இழுத்து, பின் சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டைக் கொடுத்தார். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திவிட்டு, அப்புறம்தான் தூக்கினார். மாட்டும்போது நட்டுகளை வரிசையாக முடுக்காமல் எதிரும் புதிருமாக முடுக்கினார். பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

பழைய டயரில் பக்கச் சுவர் கிழிந்திருந்தது. தரையில் படும் பட்டன் பகுதியில் ஆணி ஏறினால் பஞ்சர் போடலாம். பக்கச் சுவர் போனால் டயரே போச்சு. ஸ்டெப்னிக்குக் காற்றடித்துக் கொண்டுவந்தவர் இன்னொன்றையும் காட்டினார். பக்கவாட்டில் DOT என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நாலு இலக்கம் 3515. அதாவது 2015-ஆம் வருஷம் 35-வது வாரம் செய்தது. பட்டன் புத்தம் புதுசு. ஆனால் ரப்பரில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. "ஒம்பது வயசு ஆச்சுக்கா. மெதுவா திண்டிவனம் போய் வேற வாங்கிடுங்க."

திண்டிவனத்தில் கடைக்காரர் எடுத்துப் போட்ட டயரில் 1921 என்றிருந்தது. மூன்று வருஷத்துச் சரக்கு! "புதுத் தேதி இருந்தா குடுங்கண்ணா" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து வேறு எடுத்து வந்தார். நமக்குத் தெரியும் என்று தெரிந்தால் தனி மரியாதைதான்!

அளவு மாற்றி வாங்கிவிடாதீர்கள். என் வண்டிக்கு 165/80 ஆர் 14. அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம், உள் வட்டின் விட்டம் 14 அங்குலம். நான் ஜோடியாக வாங்கினேன். அவர் இரண்டையும் முன்னால் மாட்டிவிட்டார். ஊர் திரும்பின பிறகுதான் தெரிந்தது, புதுசு இரண்டும் பின்னால் போக வேண்டுமாம். மழை ரோட்டில் முன் சக்கரம் வழுக்கினால் ஓரளவு சமாளிக்கலாம். பின் சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும். உடனே மாற்றிக்கொண்டேன்.

டயரின் பள்ளங்களுக்குள் ஆங்காங்கே குறுக்கே சின்ன மேடு இருக்கும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயரை மாற்றியே ஆக வேண்டும். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் என்றால் அலைன்மென்ட் பார்க்கச் சொல்லுங்கள்.

எவ்வளவு காற்று என்று யாரையும் கேட்க வேண்டாம். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும். ஓடிச் சூடான டயரில் அளவு கூடக் காட்டும். அதனால் காலையில் வண்டி எடுத்ததுமே பார்த்துவிட வேண்டும். நான் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி, அரிசி டின்னுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிறு, பால் காய்ச்சுவதற்கு முன்னால் ஐந்து சக்கரமும் பார்த்தாகிவிடும். ஐந்தாவதுக்கு டிக்கியைக் காலி பண்ண வேண்டும். அதுதான் பெரிய வேலை.