கிற்றாருக்கு ஓர் எதிரொலிப் பெட்டி

பொருள் வாங்குவோர் இரு வகையினர். தேவையை அறிந்து பின்னர்க் கடைக்குச் செல்வோர் ஒரு வகையினர். கடையிலே பொருளைக் கண்ட பின்னர்த் தேவையைத் தேடுவோர் மற்றொரு வகையினர். இரண்டாம் வகையினரே தொகையிற் கூடியவர் என்பதை நேயர்கள் அறிவர். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர் கூறியது இவர்களை நினைந்தே போலும்.

இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். நம்மிடம் பயிலும் வேலணை மாணவர் ஒருவர், திருவிழாக் காலங்களில் இசைக்குழுவொன்றில் மின்கிற்றார் வாசிப்பவர். ரொறன்ரோவிலுள்ள அவருடைய தாய்மாமன், இரும்புச் சட்டத்திற் பூட்டிவைக்கும் 'றாக்' வகை ஒலிமாற்றுப் பெட்டியொன்றை வாங்கி அனுப்ப முன்வந்துள்ளார். பாதிப் பணம் தாயார் சீட்டுக் கட்டிச் சேர்த்தது. "எதனை வாங்குவது, ஐயா?" என்பது மாணவரின் வினா. தீவக இளைஞர் பலருக்கும் இவ்வினா உண்டாதலின், விடையை எல்லோருக்கும் பொதுவாக இங்கே வைக்கின்றோம்.

கிற்றார் நமக்கு அந்நியமானதன்று. 1970களில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் ஈழத்துப் பொப்பிசையைப் பரப்பிய காலத்திலேயே அது நம் முற்றங்களிற் குடிபுகுந்துவிட்டது. அந்நாளில் எதிரொலி வேண்டுமாயின் சுழலும் ஒலிநாடாவையே நாடவேண்டும். வாசித்ததை நாடாவிற் பதித்து, சிறிது பொழுது கழித்து மீண்டும் ஒலிக்கச் செய்வதே அதன் சூட்சுமம். யப்பானின் றோலண்ட் நிறுவனம் 1974இல் வெளியிட்ட ஆர்இ-201 இவ்வகையிற் புகழ்பெற்றது. 1978இல் வந்த லெக்சிக்கன் 224, ஒலியை எண்களாக்கிக் கணித்து, பெரிய மண்டபத்தின் முழக்கத்தைச் சிறிய அறைக்குள் உண்டாக்கிற்று. ஆயினும் அது பெரும் ஒலிப்பதிவுக் கூடங்களுக்கே எட்டிய கனி. 1980களின் நடுப்பகுதியில் யமஹாவின் எஸ்பிஎக்ஸ்90 போன்றவை வந்த பின்னரே இவ்வித்தை சாதாரண இசைக்குழுக்களின் கைக்கு வந்தது. 19 அங்குல அகலமும், ஒன்றேமுக்கால் அங்குலமோ அதன் மடங்கோ ஆன உயரமும் உடையவை இப்பெட்டிகள்.

இனி, வாங்குமுன் கேட்கவேண்டிய முதல் வினா: வாசிக்கும் இடம் எது? ஒலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். ஆகவே, பெட்டி அரைச் செக்கன் பிந்தித் தரும் எதிரொலி, 85 மீற்றருக்கு அப்பால் ஒரு சுவர் நிற்பதாகக் காதுக்குக் காட்டும். நயினாதீவிலோ நெடுந்தீவிலோ கோயில் வெளிவீதியில் மேடையிட்டு வாசிக்கும்போது ஒலியைத் திருப்ப மதிலும் கூரையும் இல்லை. அது கடற்காற்றோடு போய்விடுகின்றது. அங்கே சிறிது முழக்கம் சேர்த்தல் இசைக்கு ஈரமூட்டும். ஆயின் தெருநெடுகக் கட்டிய கூம்பு ஒலிபெருக்கிகள் தாமே ஒன்றன்பின் ஒன்றாக எதிரொலிப்பதால், அங்கும் அளவு மீறலாகாது. ஊர்காவற்றுறைப் பக்கத்து உயர்ந்த கூரையுடைய தேவாலயத்துக்குள் அதே பெட்டியைத் திறந்தால் சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பிக் கூழாகும். அங்கே பெட்டி மௌனம் காத்தலே நன்று.

இரண்டாவது வினா: பெட்டி கிற்றாரின் மொழியை அறியுமா? கிற்றாரிலிருந்து வரும் மின்சமிக்ஞை மிக மெல்லியது. ஒலிப்பதிவுக் கூடத்துக்கெனச் செய்த பெட்டிகள் பல, வலுவான சமிக்ஞையையே எதிர்பார்க்கின்றன. நேரே கிற்றாரைப் பூட்டினால் இரைச்சல் மிகுந்து, குரல் மெலியும். கிற்றாருக்கெனத் தனி நுழைவாய் பெட்டியில் உண்டா, அன்றேல் கையிலுள்ள அம்பிளிபயரின் பின்புறத்தில் இத்தகைய பெட்டியை இடையிற் பூட்டுவதற்கான வாய்கள் உண்டா எனப் பார்த்தல் வேண்டும்.

மூன்றாவது, மறைந்து நிற்கும் செலவு. சட்டத்திற் பூட்டிய பெட்டியைக் காலால் இயக்க முடியாது. பாட்டின் நடுவே ஒலியை மாற்றவேண்டுமாயின் தனியே ஒரு மிதிப்பலகை வாங்கவேண்டும். சட்டமும் மூடியுள்ள பேழையும் வேறு. பழைய பெட்டியாயின் அதன் நினைவைக் காக்கும் சிறு மின்கலம் உள்ளே செத்திருக்கலாம். அப்போது நாம் அமைத்துவைத்த ஒலிகள் யாவும் அழிந்துவிடும். குறிகட்டுவானிலிருந்து படகேறும் பெட்டிக்கு உப்புநீர்த் துளியும் ஒரு பகைவன். பூட்டுவாய்களிற் களிம்பேறினால் நல்ல பெட்டியும் கரகரக்கும்.

நான்காவது மின்சாரம். கனடாவில் 120 வோல்ற், யப்பானில் 100 வோல்ற், நம் நாட்டில் 230 வோல்ற். மாமனின் அன்பு 120 வோல்ற்றில் வந்து, நம் சுவரிற் பூட்டிய கணத்திலே புகையாகிப் போவதுண்டு. பின்புறத்து எழுத்தைப் படியாது பூட்டலாகாது. தகுந்த நிலைமாற்றி வேண்டும். மேலும் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியன நாட்டின் பொது மின்வலையில் இணையாது, நெடுங்காலமாக டீசல் இயந்திரங்களால் மின் பெற்றவை. இம்மூன்று தீவுகளுக்கும் சூரியஒளி, காற்று ஆகியவற்றைச் சேர்த்து மின் வழங்கும் திட்டத்துக்கு 2024 மார்ச்சில், இந்திய நன்கொடையோடு, ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. எவ்வழியில் மின் வரினும், மேடைக்கென வாடகைக்குப் பிடிக்கும் இயந்திரத்தின் மின்சாரம் ஏறியிறங்கக்கூடும். மின்னழுத்தத்தைச் சீராக்கும் கருவியொன்று இடையில் இருத்தல் பெட்டிக்குக் காவல்.

ஐந்தாவதே தலையாயது, ஏனெனில் அது பணத்தைப் பற்றியதன்று, உயிரைப் பற்றியது. ஒலிபெருக்கியில் 'உம்' என்ற முரலல் கேட்டால், பூமிக்குச் செல்லும் கம்பியைக் கழற்றிவிடும் வழக்கம் நம் மேடைகளில் உண்டு. முரலல் நிற்கும், ஆபத்து தொடங்கும். வாசிப்பவரின் விரல்கள் உலோக நரம்பிலும் உதடுகள் ஒலிவாங்கியிலும் பட்டிருக்கின்றன. 1972 மே மாதத்தில் வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகர மேடையில், லெஸ்லி ஹார்வி என்ற கிற்றார்க் கலைஞர், பூமித்தொடுப்பற்ற ஒலிவாங்கியைத் தொட்டு மின்தாக்கி மாண்டார். வயது இருபத்தேழு. ஈர மணலில் வெறுங்காலோடு நின்று வாசிக்கும் நம் பிள்ளைகளுக்கு இச்செய்தியைப் பெற்றோர் சொல்லிவைத்தல் வேண்டும். எல்லாக் கருவிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து மின் எடுத்தால் முரலல் பெரும்பாலும் குறையும். பூமிக் கம்பியை அறுத்தல் ஒருபோதும் மருந்தாகாது. எதிரொலிப் பெட்டிக்குச் செலவிடுமுன், தேர்ந்த மின்வினைஞர் ஒருவரை அழைத்து மேடையின் பூமித்தொடுப்பைச் சோதிப்பித்தலே முதற் செலவாகட்டும்.

ஆகவே நம் முடிபு யாது? வாங்குவது தனியொருவரா, குழுவா என்பதே தீர்ப்புக்கு வழிகாட்டும். கிற்றார் வாசிப்பவர் தமக்கென வாங்குவாராயின், மிதித்து இயக்கும் சிறிய தரைப்பெட்டி போதும். அது ஒரு தோற்பையில் அடங்கும். படகில் மடியில் வைத்துச் செல்லலாம். உள்ளூர் மின்சாரத்துக்கான இணைப்பியும் யாழ்ப்பாண நகரில் வாங்கலாம். றாக் பெட்டியோ குழுவுக்குரியது. ஒலிக்கலவைக் கருவியோடு இணைத்தால் பாடகர் குரலுக்கும் வயலினுக்கும் புல்லாங்குழலுக்கும் ஒருங்கே பயன்படும். அவ்வாறு எல்லோருக்கும் பயன்படும் பொருளுக்கு எல்லோரும் பங்கிடுதல் முறையன்றோ? ஒரு தாயின் சீட்டுப் பணத்தால் ஒரு குழு முழுவதும் முழங்குதல் நியாயமாகாது. இதனை மாணவர் தம் குழுவினரிடம் கூசாது எடுத்துரைத்தல் வேண்டும். மாமனுக்கும் பணம் அனுப்புமுன் ஒரு கடிதம் எழுதட்டும்.

எப்பெட்டியை வாங்கினும் ஒன்றை மறவற்க. சுருதி சேராத நரம்பை எதிரொலி திருத்தாது. அந்தப் பிழையையே மும்முறை திருப்பிச் சொல்லும். புது நரம்புகள், நல்ல கம்பி, நாடோறும் ஒரு மணிநேரச் சாதகம் ஆகியன முதலில் அமையட்டும். அவற்றின் பின் வரும் பெட்டியே வாசிப்பவருக்குத் துணையாகும்.